திங்கட்கிழமை பதினோரு மணி வரை

புதிதாகக் கிளை மேலாளர்களாக வந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடியும் நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து கேட்டார். "சார், கஸ்டமர் நம்மள ஏமாத்துறார்னு தெரிஞ்சா என்ன பண்றது?" எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் உங்களைவிட அதிகம் பொறுத்தவன்.

ஏமாற்றும் வாடிக்கையாளர்கள் எனக்குப் புதிதல்ல. ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ் என்று நாங்கள் அறிவித்த முதல் நவம்பரில், மழை தொடங்கிய அன்று இருபது குடை விற்றது. மழை விட்டதும் பதினோரு குடை திரும்பி வந்தது. எல்லாக் குடையும் ஈரம். "டிசைன் புடிக்கல சார்." ஒரு அம்மா பிரஷர் குக்கரைத் திருப்பிக் கொடுத்தார், பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றார். மூடியின் ரப்பர் வளையத்தில் இரண்டு கடுகு ஒட்டியிருந்தது. பில் சரியாக இருந்தது, நாளும் ஏழுக்குள்தான். பணத்தைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? விதியை எழுதியது நாங்கள்தானே. அன்று ராத்திரி வீட்டில் ரசத்தில் மிதந்த கடுகைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

அதெல்லாம் சில்லறை எரிச்சல். நான் சொல்ல வந்தது தணிகாசலம் சாரைப் பற்றி.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. சென்னைக்குத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் பெரிய பெரிய கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் முதலாளிக்குப் பல்லாவரத்தில் இருந்து கூடுவாஞ்சேரி வரை ஆறு சூப்பர் மார்க்கெட் கிளைகள். நான் கிழக்குத் தாம்பரம் கிளைக்கு மேலாளர். புதுக் கடைகளைப் பார்த்து மிரண்டுபோன முதலாளி, ஆறு கிளைகளின் வாசலிலும் ஒரு பலகை மாட்டினார். "அலமாரி அட்டையில் உள்ள விலையைவிட பில்லில் ஒரு பைசா அதிகம் வந்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு இலவசம்." எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம்.

பலகை மாட்டினால் போதுமா? விலை எப்படி மாறும் என்று யாராவது யோசிக்க வேண்டாமா? வார இறுதித் தள்ளுபடி ஞாயிறு ராத்திரி கடை மூடுவதோடு முடியும். தலைமை அலுவலகத்தில் இருந்து தொலைபேசிக் கம்பி வழியாக பில் போடும் கணினியில் பழைய விலை ஏறிவிடும். ஆனால் அலமாரியில் செருகும் விலை அட்டைகள் குரோம்பேட்டையில் அச்சாகி, காய்கறி வேனில் வர வேண்டும். வேன் வரத் திங்கட்கிழமை பதினோரு மணி ஆகும். கடை திறப்பதோ ஒன்பதுக்கு. ஆக, வாரா வாரம் திங்கட்கிழமை இரண்டு மணி நேரம், அட்டை ஒரு விலை சொல்லும், பில் அதற்கு மேல் சொல்லும். அட்டைகளை முதல் நாள் ராத்திரியே எடுத்துவிடலாமே என்பீர்கள். அட்டை இல்லாத அலமாரி அதைவிடப் பெரிய குற்றம் என்று தலைமை அலுவலகம் இன்னொரு விதி வைத்திருந்தது.

நான் ஒருமுறை தொலைபேசியில் சொன்னேன். "அதுக்குத்தான் போர்டு இருக்கே. யாராச்சும் கேட்டா குடுத்துருங்க" என்றார்கள். யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வருபவர்கள் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்கும் அவசரத்தில் வருபவர்கள். யார் பில்லையும் அட்டையையும் ஒப்பிடப் போகிறார்கள்? எங்கள் கிளையின் திங்கட்கிழமை லாபம் மற்ற ஐந்து கிளைகளைவிடக் கூடுதலாக இருந்தது. மாதக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

தணிகாசலம் சார் கேட்டார்.

சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் வீடு. ஏதோ அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பை, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. முதல் திங்கட்கிழமை பில்லை வாங்கினார், அங்கேயே நின்று படித்தார், ஒரு விரலால் தட்டினார்.

"இந்த காபித்தூள் அட்டைல அறுபத்தி நாலு. பில்லுல எழுபது. வாசல்ல போர்டு பார்த்தேன்."

கொடுத்தேன். அடுத்த திங்கள் சலவைத்தூள். அதற்கடுத்த திங்கள் நல்லெண்ணெய். மனிதர் ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. கடையில் வேலை செய்பவர்கள் அவருக்கு 'திங்கக்கிழம சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் குடையை மடக்கிக்கொண்டு படி ஏறுவதைப் பார்த்தாலே எனக்குப் பிடரி வலிக்கும். சட்டப்படி அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

என் எரிச்சல் அந்தக் காபித்தூளுக்காக அல்ல. ஒவ்வொரு இலவசத்துக்கும் ஒரு மஞ்சள் படிவம் நிரப்பி அன்றைக்கே நாலு மணி வேனில் அனுப்ப வேண்டும். அதில் ஒரு வரி. 'தவறுக்குப் பொறுப்பானவர்.' அந்த வரியில் ஒருவர் பெயர் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை வந்தால் அவரை வேலையில் இருந்து எடுத்துவிடுவார்கள். விலை அட்டை செருகுகிறவர்கள்தான் பொறுப்பு என்பது எழுதாத வழக்கம்.

என்னிடம் அட்டை செருகும் வேலைக்கு ஆறு பேர் இருந்தார்கள். நான் என்னை ரொம்பக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே ஆள்மேல் விழக் கூடாது என்று முறை வைத்தேன். இந்த வாரம் ஒருவர் பெயர், அடுத்த வாரம் இன்னொருவர் பெயர். எந்த அலமாரி என்றுகூடப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவ முறை வைப்பதுபோல வைத்தேன். அது கருணை என்றும் நம்பினேன்.

அந்த ஆறு பேரில் மூத்தவர் நூர்ஜஹான். நாற்பது வயது இருக்கும். தாம்பரம் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. சாலையை அகலப்படுத்தியபோது கணவரின் சைக்கிள் கடை போய்விட்டது. இவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, மகள் பாலிடெக்னிக் படித்தாள். மற்றவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். நூர்ஜஹான் மட்டும், "பரவால்ல சார், எம்பேரப் போட்டுக்கோங்க. அவ இப்பத்தான் வேலைக்கு வந்துகீறா" என்று ஒரு புதுப் பெண்ணின் வாரத்தைத் தன் வாரத்தோடு மாற்றி முன்னதாகவே வாங்கிக்கொண்டார். யார் தவறு, எப்படி நேர்ந்தது என்று அவர் கேட்டதில்லை. தான்தான் எங்கோ அட்டையைத் தப்பாகச் செருகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வேனில் அட்டை தாமதமாக வருவது அவருக்குத் தெரியும். கணினியில் விலை முன்கூட்டியே ஏறிவிடுவது தெரியாது. நான் சொல்லவில்லை.

பன்னிரண்டு திங்கள் போயிற்று. ஆறு பேருக்கும் தலா இரண்டு.

பதின்மூன்றாவது திங்கள் வரப்போகிறதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. மேலாளர் சாவி போட்டால் கணினியில் விலையைக் கையால் மாற்றலாம். தணிகாசலம் சார் வரும்போது நானே பில் மேசையில் உட்கார்ந்து, அவருடைய பொருள்களுக்கு மட்டும் அட்டை விலையைப் போட்டுவிடுவது. அவருக்கு மட்டும். கவனிக்கிற ஒருவருக்கு மட்டும் நியாயமாக நடந்துகொண்டால் போதும் என்று முடிவெடுத்தேன்.

அவர் ஒன்பது பொருள் எடுத்து வந்தார். எட்டுக்கு விலையைத் திருத்தினேன். நெய் தள்ளுபடியில் இருந்தது என் நினைவிலேயே இல்லை. அரை லிட்டர் டின். பில் நீண்டு வெளியே வந்தது. அவர் படித்தார்.

"நெய் தப்பு," என்றார். விரலால் தட்டவில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் புதிது. "ஒரு நிமிஷம். எனக்கு முன்னாடி நின்ன அம்மாவும் இதே துவரம்பருப்புதான் வாங்கினாங்க. அவங்களுக்கு நாப்பத்தி ரெண்டு வந்துது. எனக்கு மட்டும் எப்படி முப்பத்தி எட்டு வருது?"

பின்னால் ஆறு பேர் வரிசையில். நெய்யை இலவசம் என்று பதிந்து, "கொஞ்சம் உள்ள வாங்க சார்" என்று என் அறைக்கு அழைத்துப் போனேன்.

உட்கார்ந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டேன். "சார், உங்களுக்குப் பென்ஷன் வருது. இந்த நெய் இல்லாட்டி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இதனால ஒரு அம்மாவுக்கு வேலை போகப்போகுது. அது தெரியுமா உங்களுக்கு?" படிவத்தையும் அந்த விதியையும் விளக்கினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலைய விட்டு எடுக்கறது உங்க விதி. நான் போட்டதில்ல. போர்டும் நான் மாட்டல." பிறகு நோட்டைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். பன்னிரண்டு வாரமும் தேதி போட்டு எழுதியிருந்தார். "இன்னிக்கு கடைய சுத்திப் பார்த்தேன். பதினாலு அட்டை தப்பா இருக்கு. போன வாரம் பதினொண்ணு. நான் ஒவ்வொரு வாரமும் ஒண்ணுதான் எடுத்தேன். மீதிய யார் சார் எடுத்தா?"

பதில் இல்லாதவன் என்ன செய்வான்? எதிரில் இருப்பவனைக் கடிப்பான். "நீங்க மட்டும் என்னவாம்? மூணு மாசமா தெரியுமில்ல? உங்களுக்குப் பின்னாடி நின்னவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னா விலைய சரி பண்ணிடுவாங்க, அப்புறம் உங்களுக்கு ஓசி கிடைக்காது. அதானே?"

அவர் நோட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கதவருகில் நூர்ஜஹான் நின்றுகொண்டிருந்தார். வேன் வந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், கையில் புது அட்டைக் கட்டு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. குரலை உயர்த்தவில்லை.

"அப்போ உங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். எனக்குத்தான் ஒண்ணியும் தெரியல. அதுல எம்பேரு மட்டும் கீது."

தணிகாசலம் சார் எழுந்து, நெய் டின்னைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். வைத்துவிட்டுப் போவார் என்று நான் எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக அவரை அன்று மனதாரத் திட்டினேன். என் மேசையில் இருந்த மஞ்சள் படிவத்தைத் திட்டுவதைவிட அது சுலபம்.

மூன்றரை மணிக்கு நூர்ஜஹானைக் கூப்பிட்டேன். நெய் இருந்தது அவருடைய அலமாரி. ஆறு பேரில் யார் பெயர் எழுதினாலும் மூன்றாவதுதான். யாராவது ஒருவர் போகத்தான் வேண்டும் என்று நான் எனக்கே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எதிரில் நின்றவர் படிவத்தைப் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு ஆயிடிச்சி. உங்க பேர்ல எத்தினி கீது?"

"எம்பேர்லயா? ஒண்ணும் இல்ல."

"அப்போ இது உங்களுக்கு மொதலு. வேலை போவாது."

முறை வைத்த கெட்டிக்காரனுக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. ஆறு பேருக்கு முறை போட்டவன், ஏழாவதாகத் தன்னைச் சேர்க்கவில்லை. என் பெயரில் இரண்டு இடம் காலியாக இருந்தது. எழுதினால் எனக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வாரம்தான் கூடுவாஞ்சேரி பெரிய கிளைக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். என் பெயர் முதலில் இருக்கிறது என்று காதில் விழுந்திருந்தது. இந்த நேரத்தில் மஞ்சள் படிவத்தில் என் பெயரா?

நான் அவருடைய பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். படிவம் நாலு மணி வேனில் போயிற்று. அவர் புது அட்டைகளைக் கடைசி அலமாரி வரை செருகிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தணிகாசலம் சார் வந்தார். நூர்ஜஹானுக்கு வேலை போன செய்தி எப்படியோ அவர் காதுக்கும் போயிருந்தது. பையில் இருந்து நெய் டின்னை எடுத்து பில் மேசையில் வைத்தார். மூடி திறக்கவில்லை.

"இதத் திருப்பி எடுத்துக்கிட்டு அந்தம்மாவ மறுபடி கூப்பிட முடியுமா?"

என் வாயில் பழக்கத்தில் என்ன வந்தது தெரியுமா? "பில் இல்லாம ரிட்டர்ன் எடுக்க முடியாது சார்." இலவசமாகப் போன பொருளுக்கு விலை பூஜ்யம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கணினியில் வழியே கிடையாது. நனைந்த குடையை வாங்கிக்கொண்ட கடை, கடுகு ஒட்டிய குக்கரை வாங்கிக்கொண்ட கடை, பிரிக்காத நெய் டின்னை வாங்க முடியாமல் நின்றது.

"நான் இத ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கிட்டேன்," என்றார். "அலுவலகத்துல முப்பது வருஷம் தப்பு கண்டுபிடிச்சேன். யாரும் ஒண்ணும் குடுத்ததில்ல. இங்க குடுத்தீங்க." சொல்லிவிட்டு டின்னை மேசையிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "அட்டைய பாத்துக்கங்க. பில்லோட ஒத்துப் பாருங்க. அதிகமா வந்தா ஓசி." பதினோரு மணி வரை நின்றார். வெயில் ஏறியும் போகவில்லை.

அன்று நாற்பத்து மூன்று மஞ்சள் படிவங்கள். பெயர் வரியை நான் காலியாக விட்டு அனுப்பினேன். தலைமை அலுவலகத்தில் கூச்சல். மறு வாரமே விலை அட்டை வேன் காலை ஏழரைக்கு வந்து நின்றது. அவ்வளவுதான் வேலை. டிரைவரை மூன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பச் சொன்னால் முடிந்திருக்கும். கூடவே பலகையையும் கழற்றினார்கள். நூர்ஜஹானைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார்கள். நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. கூடுவாஞ்சேரி எனக்குக் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் எதிரே ஒரு சின்னக் கடையில் பிஸ்கட்டும் பல்பும் வாங்க நுழைந்தேன். பில் மேசையில் நூர்ஜஹான். என்னைத் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பல்பை ஸ்கேனரில் காட்டினார், திரையைப் பார்த்தார், நிறுத்தினார்.

"நில்லுங்க சார். அட்டைல வேற விலை போட்டிருந்த மாதிரி ஞாபகம். பாத்துட்டு வந்துடறேன்."

"ரெண்டு மூணு ரூபாதானே, போடுங்கம்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும் சார்."

எழுந்து போனார். வரிசையில் நாலு பேர். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொன்றும் நடக்கவில்லை. வரிசை நிற்காது, வரிசையை நிறுத்த முடியாது என்று நான் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நின்றது. அவர் திரும்பி வந்து விலையைக் குறைத்துப் போட்டார். எனக்கு முன்னால் பல்பு வாங்கிப் போனவரை வாசல் வரை ஓடிப்போய்க் கூப்பிட்டு மீதியைக் கொடுத்தார்.

"யார் பண்ண தப்பு?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"தெரியல சார். மொதல்ல சரி பண்ணுவோம். பேர அப்பறம் தேடிக்கலாம்." அடுத்தவருடைய கூடையை இழுத்துக்கொண்டார்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு என் பதில் இதுதான் அம்மா. வாடிக்கையாளர் ஏமாற்றுவார். நனைந்த குடையோடு வருவார், நோட்டோடு வருவார். எரிச்சல்படுங்கள், தப்பில்லை, நானும் படுகிறேன். ஆனால் அவர் எந்த ஓட்டை வழியாக வந்தார் என்று பாருங்கள். அதே ஓட்டை வழியாக நீங்கள் எவ்வளவு உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். எனக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரம் இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில் சரியாக ஓடுகிறது. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

அந்த மஞ்சள் படிவம் இன்னும் உங்களிடம் புழங்குகிறதாம், கூட்டத்தில் பார்த்தேன். 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற வரியும் அப்படியே இருக்கிறது. அதில் மேலாளர் பெயரை எழுதக் கூடாது என்று படிவத்தின் முன்பக்கத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. நான் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மூன்றரை மணிக்கே படித்துப் பார்த்தேன்.